வழக்கு முடியும்வரை பிள்ளையை ஊருக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவன் மனைவிக்குள் விவாகரத்துப் பேச்சு எழுந்துவிட்டால், வழக்கறிஞரைப் பார்க்கும் முன்பே நம் சொந்தக்காரர்கள் சட்டம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவள் நான், அந்தப் பேச்சுகளை நிறையவே கேட்டிருக்கிறேன். பாதி பேச்சால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒரு யோசனையைக் கேட்டால் மட்டும் எனக்கு வயிற்றைக் கலக்கும்: "பிரச்சினை ஓயும்வரை பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடு, பாட்டி பார்த்துக்கொள்வார்."

அனுப்புவது சுலபம், திருச்சிக்கு இங்கே சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. திரும்ப அழைத்து வருவதில்தான் சிக்கல். தாயோ தந்தையோ தன்னிச்சையாகப் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்ப வைக்கும் 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் சேர்ந்திருக்கிறது, 2011 முதல் இங்கே அது நடைமுறையிலும் இருக்கிறது. இந்தியா அதில் இன்றுவரை சேரவில்லை. ஆகவே பிள்ளை தஞ்சாவூரில் இருந்தால், சிங்கப்பூரில் இருக்கும் பெற்றோர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போட்டு அலைய வேண்டியதுதான். இங்கே வாங்கிய உத்தரவைக் கொண்டுபோய்க் காட்டலாம், ஆனால் அதை அப்படியே நிறைவேற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் அங்குள்ள நீதிபதிக்குக் கிடையாது. பிள்ளைக்கு எது நல்லது என்று அவர் தாமே விசாரிப்பார், அதற்குள் பிள்ளை அங்கே பள்ளியில் சேர்ந்து, கூட்டாளிகளைப் பிடித்து, பழகிப்போயிருக்கும்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு பெண் நெகிழிப்பை நிறையக் காகிதத்தோடு வந்தார். பிறப்புச் சான்றிதழ், தொடக்கநிலை ஒன்றுக்கான (முதல் வகுப்பு) பள்ளிக் கடிதம், வாட்ஸ்அப் உரையாடல்களை அச்செடுத்த தாள்கள். டிசம்பர் விடுமுறைக்கு என்று சொல்லித்தான் மாமனார் வீட்டார் பையனை அழைத்துப் போயிருக்கிறார்கள், ஜனவரியில் பள்ளி திறந்த பிறகும் அவன் வரவில்லை. தினமும் சாயங்காலம் காணொளி அழைப்பில் பேசுவாராம். "முதலில் எல்லாம் எப்பம்மா கூட்டிட்டுப் போவேன்னு கேட்பான், இப்ப கன்னுக்குட்டியக் காட்டிட்டு ஓடிடுறான்" என்றார். இதே வேலையை மனைவி வீட்டார் செய்து, தகப்பன் தவித்து நின்றதையும் பார்த்திருக்கிறேன், அதில் ஆண் பெண் வித்தியாசமே இல்லை.

பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற சந்தேகம் வந்த உடனே நீதிமன்றத்தை அணுகி, நாட்டை விட்டு அழைத்துச் செல்லக் கூடாது என்று தடை உத்தரவு கேட்கலாம். விமானம் ஏறுவதற்கு முன் கேட்டால்தான் பலன். பிள்ளையின் பொறுப்பு பற்றி உத்தரவு வந்த பிறகோ, இருவரின் எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல முடியாது. பிள்ளையை வைத்திருப்பவர் ஒரு மாதத்துக்குக் குறைவான பயணம் போய்வர மட்டும் சட்டம் இடம் தருகிறது, அதையும் உங்கள் உத்தரவில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே 'கஸ்டடி' என்ற நினைப்புதான் இந்த அவசரத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். படிப்பு, மருத்துவம், சமயம் போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமைதான் கஸ்டடி, பெரும்பாலும் அதைத் தாய் தந்தை இருவருக்கும் சேர்த்தே தருகிறார்கள். பிள்ளை யாரோடு தங்கி வளரும் என்பது வேறு, மற்றவர் எப்போது வந்து பார்க்கலாம் என்பது வேறு. வார இறுதியில் மட்டும் பிள்ளையைப் பார்க்கிற அப்பாவுக்கும் எந்தப் பள்ளி என்று சொல்லும் உரிமை போய்விடுவதில்லை, இது தெரியாமலே "பிள்ளை எனக்கு, வீடு உனக்கு" என்று பேரம் பேசுகிறார்கள்.

பராமரிப்புத் தொகை விவகாரமும் இதே ரகம். அவர் பணம் தரவில்லை, அதனால் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்கிறார் ஒருவர். காட்டவில்லை, அதனால் தர மாட்டேன் என்கிறார் மற்றவர். சட்டப்படி இரண்டுக்கும் முடிச்சுப் போட முடியாது. பணம் வராவிட்டால் அதற்குத் தனியாக மனு, பார்க்க விடாவிட்டால் அதற்குத் தனியாக மனு.

இப்போது, 2024 ஜூலை 1 முதல், யார் மீதும் குற்றம் சுமத்தாமல் இருவரும் ஒத்துக்கொண்டே மணவிலக்குக் கேட்கலாம், மணம் முறிந்துவிட்டது என்று நீதிமன்றம் ஏற்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை ஒருநாள் எடுத்துப் படித்தால் கூசும்படியான அந்தக் குற்றப்பட்டியல்களைத் தட்டச்சு செய்தவள் என்ற முறையில் எனக்கு இதில் பெரிய நிம்மதி. (திருமணமாகி மூன்று ஆண்டு ஆகாமல் மனு போட முடியாது என்ற பொதுவிதி மாறவில்லை. இடைக்காலத் தீர்ப்பு வந்ததுமே வரன் தேட ஆரம்பிக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை: இறுதித் தீர்ப்பு வரும்வரை உங்கள் மகனோ மகளோ திருமணமானவர்தான்.) முஸ்லிம் தம்பதிகளின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்தில் நடக்கும், அங்கே முறை வேறு.

கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்த 'பாஸில்' (இங்கே தங்கும் அனுமதியில்) வந்திருக்கும் பெண்களுக்கு இன்னொரு பயம், "பாஸை ரத்து செய்துவிடுவேன், நீ ஊருக்குப் போய் கேஸ் போட்டுக்கொள்" என்ற மிரட்டல். பாஸ் போவது நிஜமான ஆபத்துதான், ஆனால் வழக்குப் போட வெளிநாட்டவருக்கும் கதவு திறந்திருக்கிறது. இருவரில் ஒருவர் சிங்கப்பூரை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவராகவோ, மனு போடும் முன் தொடர்ந்து மூன்று ஆண்டு இங்கே வாழ்ந்தவராகவோ இருந்தால் போதும். அரசாங்கத்தின் சட்ட உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், அது கிடைக்காதவர்கள் சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனையை விசாரிக்கலாம். ஊருக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் விசாரியுங்கள்.

உங்கள் நாளிதழில் மாதம் ஒரு அரைப் பக்கமாவது ஒதுக்கி, வாசகர்களின் கேள்விகளுக்குக் குடும்பச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர்கள் தமிழிலேயே பதில் சொல்ல ஏற்பாடு செய்தால் என்ன? கேட்பவரின் பெயர் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளும் படிப்பார்கள், ஊருக்கு அனுப்பும் யோசனை பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் கிளம்புகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர்,
ஈசூன்