வயிற்றைப் படம் எடுத்துத் தந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

சேதக் ஹெலிகாப்டர் மாடல் முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உரியவர் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்குத் தனியாக நன்றி சொல்ல உட்கார்ந்தால் யாரையாவது விட்டுவிடுவேன் என்பதால் பொதுவாக இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: என் அக்கா வீட்டுக்காரர் கடற்படையில் விமான மெக்கானிக்காக இருந்தவர். கொச்சியில் சேதக் ஹெலிகாப்டர்களோடு பதினோரு வருடம் மல்லுக்கட்டியவர். இந்த வருடம் மாமாவுக்கு எழுபது, பீமரத சாந்தி. வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து எனக்கே அலுத்துப்போனதால், அவருடைய ஹெலிகாப்டரையே சின்னதாகச் செய்து கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். 24ல் ஒரு பங்கு அளவு. நிஜத்தில் ரோட்டரின், அதாவது தலைக்கு மேலே சுற்றும் பெரிய விசிறியின், விட்டம் 11.02 மீட்டர், என்னுடையதில் 46 சென்டிமீட்டர். சன்போர்டு என்ற லேசான நுரை அட்டை, பிவிசி குழாய், ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசை, அப்புறம் பொறுமை.

முன்பக்கக் கண்ணாடிக் கூண்டுக்கு இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்தான். மரத்தில் அச்சு செதுக்கி, அதன்மேல் பாட்டிலை மாட்டி, சூடான காற்று காட்டிச் சுருங்க வைத்தேன். நான்காவது பாட்டில்தான் சரியாக வந்தது. பாட்டில்களைக் காலி செய்து கொடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் நன்றி.

சேதக்குக்குப் படமா பஞ்சம் என்றுதான் நானும் நினைத்தேன். பிரான்சின் அலுவெத் 3, 1959ல் முதன்முதலாகப் பறந்தது. 1962ல் உரிமம் வாங்கி நம் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (ஹெச்ஏஎல்) பெங்களூரில் கட்ட ஆரம்பித்து, ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரை வைத்தது. அன்றிலிருந்து முப்படையும் ஓட்டியிருக்கிறது. தேடினால் படம் கொட்டும். ஆனால் எல்லாம் ஒரே படம். முன்பக்கம் முக்கால் கோணம், அல்லது வானத்தில் பறப்பது. மாடல் செய்பவனுக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. எனக்கு வேண்டியது வயிற்றின் அடியில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது, மூக்குச் சக்கரத்தின் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது, என்ஜினுக்குப் பின்னால் எந்தக் குழாய் எந்தப் பக்கம் வளைகிறது என்பதுதான். சேதக்கின் அர்தூஸ்த் என்ஜின் மூடி போடாமல் முதுகின்மேல் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும். அதனால் அங்கே ஏய்க்க முடியாது.

இத்தனைக்கும் நான் இருப்பது அரக்கோணத்தில். ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான், பழகுவதும் சேதக்கில்தான். வாரத்தில் பாதி நாள் தலைக்கு மேலே போகிறது. இருந்து என்ன, சுவரெல்லாம் படம் எடுக்கக் கூடாது என்ற பலகை. "வேலி ஓரமா நின்னு எடுத்துத் தரட்டுமா அண்ணே?" என்று ஆர்வமாகக் கேட்ட எதிர்வீட்டுத் தம்பிக்கும் நன்றி. நல்ல வேளை, நீ போகவில்லை.

அதனால் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டேன். கோவாவில் போக்மாலோ பக்கம் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கே போனவர்கள் சேதக் முன்னால் எடுத்த படம் எதுவானாலும் கொடுங்கள் என்று. வந்து குவிந்தன பாருங்கள், தேனிலவுப் படங்கள், கல்லூரிச் சுற்றுலா, அழும் குழந்தைகள். ஒரு குழந்தையின் தோளுக்குப் பின்னால்தான் எனக்கு வலப்பக்கச் சக்கரத்தின் தாங்குகம்பி முழுதாகக் கிடைத்தது. "நல்லா வரலைன்னு அழிக்க இருந்தோம்" என்று அந்த அம்மா சொன்னார்கள். அழிக்காததற்கு நன்றி.

ஒரு கல்லூரி மாணவர் வாலோடு சேர்த்து எடுத்த செல்ஃபி அனுப்பினார். வால் விசிறி அவ்வளவு தெளிவு. பார்த்துப் பார்த்துச் செய்து ஒட்டியும் விட்டேன். வேலூரில் எலெக்ட்ரிக் மாடல் ஹெலிகாப்டர் பறக்கவிடும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். படத்தைப் பார்த்தவர், "சார், இது இடவலம் மாறின படம்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். சேதக்கின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். ரோட்டர் பிளேடில், அதாவது அதன் இறக்கையில், சுற்றும்போது முன்னால் போகும் விளிம்பு தடித்து உருண்டிருக்கும், பின் விளிம்பு மெலிந்திருக்கும். படத்தில் தடித்த விளிம்பு பின்பக்கம் இருக்கிறது என்றார். செல்ஃபி கேமரா கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டியிருக்கிறது. அன்றிரவு ஷேவிங் பிளேடு வைத்து வால் விசிறியைப் பெயர்த்தெடுத்து மறுபக்கம் ஒட்டினேன். தம்பி, நீங்கள் வந்திருக்காவிட்டால் மாமா என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்.

சூரிச் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணனுக்குத் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். சுவிஸ் விமானப்படையும் 2010 வரை அலுவெத் 3 ஓட்டியது. அவர் ஒரு சனிக்கிழமை முழுக்கச் செலவழித்து அப்படி ஒன்றை நூற்றுக்கும் மேல் படம் எடுத்தார். கிட்டே போனால் ஃபோன் கேமரா மூக்கைப் பெரிதாக்கி வாலைச் சின்னதாக்கிவிடும், தள்ளி நின்று ஜூம் பண்ணி எடுங்கள் என்று கேட்டிருந்தேன், அப்படியே எடுத்திருந்தார். கூடவே, "இது இஞ்சத்தைய மெசின், உங்கட மெசின் இல்லை, சாமான்கள் வேற வேற இருக்கும், கவனம்" என்று எழுதியிருந்தார். அவர் படத்தில்தான் ரோட்டரின் மூன்று பிளேடுகளுக்கும் நடுவே ஒரு கம்பி ஓடுவதைப் பார்த்தேன். பின்னாலிருந்த கொடிக்கயிறு என்று முதலில் நினைத்துவிட்டேன்! பிளேடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி மாறாமல் பிடித்து வைக்கும் கேபிளாம் அது. தூண்டில் நரம்பில் செய்து மாட்டினேன்.

கடைசியாக, கோவாவுக்கு இரண்டாம் முறை போய், மழை ஈரத்தில் உட்கார்ந்து, ஃபோனை அடியில் நீட்டி வயிறு முழுவதையும் படம் எடுத்துக் கொடுத்த ஆசிரியைக்கு. முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலையும் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். நான் கேட்கவே இல்லை, டீச்சர்.

மாமா மாடலை வாங்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வயிற்றைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கேபிளை விரல் நுனியால் தொட்டு, "இதை யாருடா உனக்குச் சொன்னது?" என்றார்.

உங்கள் பேரையெல்லாம் சொல்லியிருக்கிறேன். குடும்பப் படங்களைச் சொன்னபடி அழித்துவிட்டேன். சக்கரம், வயிறு, என்ஜின் படங்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. சேதக் செய்யப் போகிறவர்கள் யாரானாலும் கேளுங்கள், தருகிறேன்.

அன்புடன்,
அரக்கோணத்திலிருந்து ஒரு ரிட்டையர்டு ரயில்வேக்காரன்