ரன்சி கட்டுரைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயராக (கேன்டர்பரி பேராயர்) இருந்த ராபர்ட் ரன்சியின் வாழ்க்கை வரலாறு ஒருவழியாக நம் சபை இதழில் வந்துவிட்டது. அச்சில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் உழைப்பு பலருடையது, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, டாங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்ற நம் அண்ணனுக்கு. 1945 மார்ச்சில் ஜெர்மனியில், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையில் இளம் அதிகாரியாக இருந்த ரன்சி, அடிபட்டு நின்ற டாங்கியிலிருந்து தன் ஆள் ஒருவரைக் குண்டுமழைக்கு நடுவே மீட்டார், மறுநாளே தன் டாங்கியை மறைவே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் எதிரியின் மூன்று பீரங்கிகளை அழித்தார், அதற்காக மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றார். புத்தகங்களில் இது இரண்டு வரி. ஐந்து பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் 'சர்ச்சில்' ரக டாங்கி அடிபட்டால் உள்ளே இருக்கும் எண்ணெயும் குண்டுகளும் எந்த நொடியும் பற்றிக்கொள்ளும், அதை நோக்கி ஓடுகிறவனுக்கு அது நன்றாகவே தெரியும் என்று அண்ணன் மாலை முழுக்க உட்கார்ந்து விளக்கினார். கட்டுரையில் அந்தப் பகுதி அவருடையது.

அப்புறம் நூலகத்து அக்கா. தாம் சுட்டு வீழ்த்திய ஒரு ஜெர்மன் டாங்கியின் அருகில் போய்ப் பார்த்த ரன்சி, நான்கு இளைஞர்கள் செத்துக் கிடந்ததைக் கண்டு வாந்தி எடுத்துவிட்டார், பின்னாளில் அவரே அதைச் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன பகுதியைத் தேடி எடுத்துக் கொடுத்தது அக்காதான். எனக்கு ரன்சியின் வாழ்க்கையின் ஆணிவேரே அதுதான் என்று படுகிறது. 1950இல் குருப்பட்டம், இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் நகரின் பிஷப், 1980இல் கேன்டர்பரி பேராயர் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆயர் ஐயாவுக்கு என்ன சொல்வது! பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து தீவுப் போர் முடிந்து 1982 ஜூலை 26 அன்று லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் நடந்த ஆராதனையில், பிள்ளைகளைப் பறிகொடுத்த அர்ஜென்டினா குடும்பங்களையும் ரன்சி நினைத்துப் பேசினார். வெற்றிக் களிப்பில் இருந்த நாட்டில் பலருக்கு அது பிடிக்கவில்லை, பிரதமர் தாட்சருக்கும்தான் என்று அப்போதே பேச்சு. போருக்கே போகாத ஒருவர் அப்படிப் பேசியிருந்தால் கோழை என்று தள்ளியிருப்பார்கள், பதக்கம் வாங்கிய இவரை யார் அப்படிச் சொல்ல முடியும்? ஐயாவோடு பேசியதில்தான் எனக்கு இது தெளிந்தது.

செயின்ட் ஆல்பன்ஸுக்கே போய் ரன்சியின் கல்லறையைப் படம் எடுத்து அனுப்பிய தங்கைக்கும், அவர் அங்கே பிஷப்பாக இருந்தபோது ஆசையாகப் பன்றி வளர்த்த கதையை விட்டுவிடாதே என்று அடம்பிடித்த வாலிபர் சங்கப் பிள்ளைகளுக்கும், எழுத்துப்பிழை பார்த்த டீச்சருக்கும் அன்பும் நன்றியும்.

அடுத்த இதழில், ரன்சியின் தூதராகப் போய் 1987இல் லெபனானின் பெய்ரூட்டில் கடத்தப்பட்ட டெர்ரி வெய்ட்டைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். அந்தக் காலத்துச் செய்தித்தாள் யார் வீட்டிலாவது இருந்தால் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.