சோழவரத்தில் ஓடிய ஒரு ஹெரால்டு: பழைய கார் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னிந்தியாவில் பழைய கார்களைப் பேணி வரும் அன்பர்களுக்கும், அவற்றுக்கு உயிர் கொடுக்கும் பட்டறை மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

உங்களில் யாரிடமாவது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இருந்து, அதன் சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், நடுவில் வெட்டி ஒட்டிய தடம் தெரிந்தால், இந்த மடல் உங்களுக்குத்தான். அது விபத்தில் நேர்ந்ததல்ல. 1960-களின் கடைசியில் என் அப்பா அளந்து, குறித்து, வெட்டியது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் ஃபோர்மேன் அவர். மோதி நசுங்கிய ஹெரால்டு ஒன்றை எடைக்கு வாங்கி, சோழவரத்தில் ஓட்டுவதற்கென்று இரண்டு பேர் அமரும் பந்தய வண்டியாக்கினார். ஹெரால்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அன்றைய ஃபியட் 1100-க்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது; கூட்டை அறுத்தால் வண்டியே மிஞ்சாது. ஹெரால்டில் போல்ட்டுகளைக் கழற்றினால் மேற்கூடு தனியே வந்துவிடும். வண்டலூரில் தயாரான வண்டி என்பதால் உதிரி பாகங்களும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைத்தன. அங்கே இல்லாதது புதுப்பேட்டையில் இருந்தது.

இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. சோழவரம் என்பது செங்குன்றத்துக்கு அப்பால், இரண்டாம் உலகப்போரின்போது போடப்பட்ட விமான ஓடுதளம். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை நம் பக்கத்தில் கார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். மகாராஜாக்களும் ஆலை முதலாளிகளும் வெளிநாட்டு வண்டிகளோடு வந்தார்கள். இறக்குமதிக் கெடுபிடி மிகுந்த அந்நாளில் மற்றவர்களுக்கு இருந்த வழி, உள்ளூர்க் காரை வெட்டித் தாமே ஒன்றைக் கட்டிக்கொள்வதுதான். அவற்றை ‘ஸ்பெஷல்’ என்பார்கள்.

அப்பாவின் ஸ்பெஷல் 1970-களில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குக் கைமாறியது. பிறகு பெங்களூரில் பார்த்ததாக ஒரு பேச்சு. பதிவு எண்ணைக் கேட்காதீர்கள். “லாரியில் ஏறிப் போகிற வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் எதற்கு?” என்று அதைக் காயலான் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வந்த மனிதர் அவர். ஆகவே அடையாளங்களை நம்பித்தான் தேடுகிறேன்.

ஹெரால்டின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 91.5 அங்குலம் இருக்க வேண்டும். அப்பா அதில் ஆறு அங்குலம் குறைத்தார். இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் அதற்கேற்ப வெட்டி ஒட்டினார். பின்னால் யாராவது பழைய நீளத்துக்கு இழுத்திருந்தால் சேஸிஸில் ஒட்டுத் தடம் ஒன்றாக இருக்காது. வேகமாகத் திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே மடங்கும் குணம் ஹெரால்டுக்கு உண்டு; அதற்காகப் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை அழுத்தித் தாழ்த்தியிருப்பார். 948 சிசி இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வழக்கத்தைவிட மெலிந்திருக்கும். இரண்டு கார்புரேட்டர்களுக்காக அவர் இரும்புக் குழாயில் செய்த, அவற்றை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு அழகாக இருக்காது. ஆனால் அதைப் போல இன்னொன்று எங்கும் இருக்க வாய்ப்பில்லை.

அலுமினியத் தகட்டில் அடித்த மேற்கூட்டை நான் தேடவில்லை. அது எப்போதோ பாத்திரமாகியிருக்கும்.

இனி உங்களோடு ஒரு வழக்கு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்குத்தான் உங்கள் கண்காட்சிகளில் மதிப்பு. அதனால் இப்படிப்பட்ட வண்டி கையில் சிக்கினால் முதல் வேலையாக அதை மறுபடியும் குடும்பக் காராக்கி, குரோமியம் பூசி நிறுத்திவிடுகிறீர்கள். கம்பெனி ஆயிரக்கணக்கில் செய்ததை மீட்பதற்காக, ஒருவர் ஒன்றே ஒன்று செய்ததை அழிப்பது என்ன நியாயம்? அமெரிக்காவில் 1932 ஃபோர்டின் மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு வறண்ட ஏரிப் படுகைகளில் பறந்த ஹாட் ராடுகளையும் பணக்காரச் சேகரிப்பாளர்கள் நெடுநாள் ஏளனமாகத்தான் பார்த்தார்கள். 1997-இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சி அவற்றுக்குத் தனிப் பிரிவு அமைத்தது. டோன் ஸ்பென்சர் என்பவர் கட்டிய ஃபோர்டு அதில் முதலிடம் பெற்றது. உங்கள் அணிவகுப்புகளிலும் சோழவர ஸ்பெஷல்களுக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள். கொட்டகைகளில் ஒளிந்திருப்பவை தாமாக வெளியே வரும்.

அப்பாவுக்கு இந்தத் தேடலில் அக்கறையில்லை. “அந்த பிரேக்கை வைத்துக்கொண்டு யாரும் ஓட்டாமல் இருந்தால் சரி” என்கிறார். தேடுவது மகளாகிய நான்தான்.

வண்டியைத் திருப்பிக் கேட்க மாட்டேன். விலை பேசவும் மாட்டேன். ஒரு நாள் அடியில் படுத்துப் பார்க்க இடம் கொடுத்தால் போதும். அப்பாவின் அளவுக் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. கார்புரேட்டர் ஜெட் முதல் சக்கரச் சாய்வு வரை எல்லாம் அவர் கையெழுத்தில் உண்டு. வண்டி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அதை முழுவதும் நகலெடுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு ஃபோர்மேனின் மகள்