பொருள்: இம்பிளாண்ட் பல்லையும் அதே ஸ்டீல் முனையால் சுரண்டியது பற்றி

வணக்கம்.

போன சனிக்கிழமை உங்கள் கிளினிக்கில் பல் கிளீனிங் செய்துகொண்டேன். ரசீதில் 'ஸ்கேலிங், முழு வாய், ரூ.1,500' என்று ஒரே வரி. என் புகாரே அந்த 'முழு வாய்' பற்றித்தான். வலது கீழ்க் கடைவாய்ப் பல் என் சொந்தப் பல் இல்லை, டைட்டானியம் இம்பிளாண்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்துகிற செயற்கைப் பல்), நான்கு வருடம் முன்பு வேறு ஊரில் வைத்தது. படிவத்தில் எழுதிக் கொடுத்தேன், நாற்காலியில் சாய்ந்ததும் வாயாலும் சொன்னேன். "தெரியும் சார், ரிலாக்ஸா இருங்க" என்றார்கள். அப்புறம் மற்ற பற்களில் ஓட்டிய அதே அல்ட்ராசோனிக் (வேகமாக அதிர்ந்து கறையைச் சுரண்டும்) ஸ்டீல் முனையைக் கழற்றாமல் அங்கேயும் ஓட்டினார்கள்.

சத்தமே மாறிவிட்டது. தகர டப்பாவை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கிறீச், காது வரை கூசியது. கையைத் தூக்கினேன், "ரெண்டே நிமிஷம் சார்" என்று பதில்.

ஈறு கொஞ்சம் இறங்கியிருப்பதால் இம்பிளாண்டின் மேல் மாட்டிய பல் மூடிக்கு (கேப்) கீழே உலோகக் கழுத்து எனக்கு லேசாகத் தெரியும். வீட்டில் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால் பளபளவென்று இருந்த இடத்தில் கோடு கோடாகக் கீறல், ஃப்ளாஸ் நூல் அங்கே மாட்டி நார் நாராகப் பிய்கிறது.

உங்கள் கஸ்டமர் கேரில் ஒருவர், "இம்பிளாண்டே சொரசொரப்பாத்தான் சார் வரும், ஒண்ணும் ஆகாது" என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபமே வந்தது. சொரசொரப்பு எலும்புக்குள் இருக்கிற திருகுப் பகுதிக்கு. எலும்பு பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மணல் அடித்து, அமிலத்தில் போட்டு வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். ஈறைத் தாண்டி வெளியே வருகிற கழுத்தை வழவழப்பாக விடுவதற்குக் காரணம் அங்கே அழுக்கு ஒட்டக்கூடாது என்பதுதான். சொரசொரப்பு சுமார் 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினாலே பாக்டீரியாப் படலம் கூடுதலாகப் படிய ஆரம்பிக்கும் என்பது பல் மருத்துவத்தில் பழைய கணக்கு. அந்த ஸ்டீல் டைட்டானியத்தைவிடக் கடினம், கீறாமல் என்ன செய்யும்? நான்ஸ்டிக் தவாவை இரும்பு நாரால் தேய்க்காதே என்று வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் சொல்கிறோம்.

இதற்கென்றே பிளாஸ்டிக் அல்லது பீக் (PEEK என்கிற உறுதியான பிளாஸ்டிக்) உறை போட்ட முனைகள் இருக்கின்றன, கையால் சுரண்டுகிற டைட்டானியக் கியூரெட் இருக்கிறது, கிளைசின், எரித்ரிட்டால் போன்ற மென்மையான பொடியைக் காற்றில் பீய்ச்சும் கருவி இருக்கிறது. எல்லாவற்றிலும் குறை உண்டு, பிளாஸ்டிக் முனை துணுக்குகளை விட்டுவிட்டுப் போகும் என்பதும் தெரியும். எதையுமே எடுக்கவில்லையே என்பதுதான் என் கேள்வி.

இம்பிளாண்ட் வைத்த டாக்டரிடம் திங்கட்கிழமை காட்டினேன். எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கவில்லை, ஈறில் மட்டும் ரத்தக் கசிவு, இந்தக் கட்டத்தில் சரிசெய்துவிடலாம் என்றார். அந்தக் கசிவு உங்களால்தான் என்று நான் சொல்ல வரவில்லை, முன்பே இருந்திருக்கலாம். கீறல் முன்பு இல்லை.

எனக்கு வேண்டியது: அன்று எந்த முனை பயன்படுத்தினீர்கள் என்று எழுத்தில் பதில், அந்தக் கழுத்தைப் பாலிஷ் செய்யவும் தேவைப்பட்டால் மாற்றவும் ஆகும் செலவு, ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய எக்ஸ்ரேக்கான பணம். நேற்று வந்த '20% தள்ளுபடியில் அடுத்த கிளீனிங்' கூப்பனை ரத்து செய்துவிடுங்கள். ரசீதும் படங்களும் இணைத்திருக்கிறேன், மாலை 6 மணிக்கு மேல் போன் எடுப்பேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை 11 மணி அப்பாயின்ட்மென்ட்காரர்