நிலவு மண்ணும் மாதிரி எடுக்கும் இடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலவுக்கு மனிதரை அனுப்புவது மேலா, கருவிகளை அனுப்புவது மேலா என்று ஆராய்ந்து தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அப்போலோ வீரர்கள் ஆறு பயணங்களில் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள், சோவியத் நாட்டின் மூன்று ஆளில்லா லூனா கலங்கள் கொண்டுவந்ததோ அரைக் கிலோவுக்கும் குறைவு என்ற கணக்கைக் காட்டி, அறிவியல் பயனும் அந்த அளவிலேயே வேறுபடும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் வேளாண் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி, மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையை விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில், எடையை வைத்து இதை அளப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

மாதிரி எடுக்கும்போது வரப்போரம், வாய்க்கால் கரை, மர நிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி எடுத்துக் கலந்த மண்ணில் அரைக் கிலோ இருந்தாலே ஆய்வுக்கூடத்துக்குப் போதும். ஒரே மூலையில் ஒரு வண்டி மண்ணை வாரிச் சென்றாலும் அந்த வயலைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியாது. பழைய டெல்டாவின் வண்டலை மட்டும் பார்த்தவர், கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணுக்கு உரப் பரிந்துரை எழுதினால் என்ன ஆகும் என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போலோ கலங்கள் இறங்கிய ஆறு இடங்களும் நமக்குத் தெரியும் பக்கத்தில், நிலவின் நடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகாத பகுதிகளில் இருந்தன. அங்கே கிடைத்த எரிமலைப் பாறைகள் பெரும்பாலும் 300 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. 2020 டிசம்பரில் ஆளில்லாச் சீனக் கலமான சாங்கே-5 வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்த 1,731 கிராம், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் நிலவில் எரிமலைக் குழம்பு ஓடியதைக் காட்டியது. 382 கிலோவில் இல்லாத செய்தி இந்த இரண்டு கிலோவுக்கும் குறைவான மண்ணில் இருந்தது. 2024இல் சாங்கே-6 மறுபக்கத்திலிருந்தே மண் எடுத்து வந்தது.

இதனால் மனிதர் போவது வீண் என்று நான் சொல்லவில்லை. 1972 டிசம்பரில் அப்போலோ-17இல் சென்ற ஹாரிசன் ஷ்மிட், நிலவில் நடந்த பன்னிருவருள் பாறை ஆய்வையே தொழிலாகக் கொண்ட ஒரே ஒருவர். ஒரு பள்ளத்தின் விளிம்பில் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டு, கையிலிருந்த குறுகிய நேரத்திலேயே அங்குக் குழி வெட்டி மாதிரி எடுக்க வைத்தது அவருடைய பழகிய கண். அம்மண் பழங்கால எரிமலை உமிழ்ந்த கண்ணாடி மணிகள் என்று பின்னர் தெரிந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011இல், அம்மணிகளுக்குள் இருந்த படிகங்களில் சிக்கிய குழம்புத் துளிகளில் நீர் இருப்பதைப் புதிய கருவிகள் கண்டறிந்தன. ஷ்மிட்டின் அந்தப் பழகிய கண்ணுக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. ஆனால் அப்படிப்பட்ட ஒருவரை அனுப்பினால்தான் அந்தப் பயன் கிடைக்கும். கொடி நடுவதற்கு ஆள் அனுப்பினால் கிடைக்காது.

2008இல் ஏவிய சந்திரயான்-1 நீர் மூலக்கூறுகளின் பரவலைச் சுற்றுப்பாதையிலிருந்தே காட்டியது. 2023இல் தென்முனைப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி, நூறு மீட்டர் அளவே நகர்ந்து, மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதிசெய்தது. அடுத்து, மண் எடுத்துவரும் சந்திரயான்-4க்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்துள்ளது. 2040க்குள் இந்தியர் ஒருவரை நிலவில் இறக்கும் இலக்கும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு மாதிரியோடு நின்றுவிடாமல், வெவ்வேறு வகை நிலப்பரப்புகளிலிருந்து மண் எடுத்துவர இரண்டு மூன்று ஆளில்லாக் கலங்களையாவது அனுப்ப வேண்டும். பிறகு போகும் முதல் குழுவில், விமானிகளோடு, பாறைகளைக் களத்தில் ஆராய்ந்து பழகிய ஒருவருக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இவ்விரண்டையும் வலியுறுத்தித் தங்கள் நாளிதழ் ஒரு தலையங்கம் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
வலங்கைமான், திருவாரூர் மாவட்டம்.