புனித வின்சென்ட் தே பவுல் சபை, பினாங்கு: நம் பங்குக் கிளையின் ஆண்டறிக்கை

பங்குத்தந்தை அவர்களுக்கும், தலைவர், பொருளாளர் அவர்களுக்கும், மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்த அங்கத்தினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டறிக்கையில் படங்கள் இல்லை. ஏன் என்று இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடியின் கீழே அரிசி, மைலோ, சமையல் எண்ணெய் கொடுத்தோம். வழக்கம்போல் பேனர் கட்டினோம். வாங்க வந்தவர்களை நம்மோடு நிற்க வைத்துப் படம் எடுத்தோம். வாட்சாப்பில் போட்டது நான்தான். அடுத்த மாதம் வரிசையில் ஓர் அக்காவைக் காணவில்லை. வீட்டுக்குப் போனபோது கதவைப் பாதிதான் திறந்தார். "பொருள் வேணாம் தம்பி. படத்தைப் பார்த்துட்டுக் கூட்டாளிங்க கிண்டல் பண்ணி, பையன் ரெண்டு நாளா பள்ளிக்கூடம் போகலை" என்றார். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற நற்செய்தியைத் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று ஆண்டு தவறாமல் கேட்கிறோம். நாம் பேனர் கட்டியதும் அதே வாரத்தில்தான்.

மார்ச் கூட்டத்தில் முடிவு செய்தோம்: இனிப் படம் இல்லை, பேனர் இல்லை, வரிசையும் இல்லை. இருவர் இருவராக வீடு தேடிப் போக வேண்டும். இது நம் புது யோசனை அல்ல. 1833-இல் பாரிசில், "உங்கள் திருச்சபை இன்று ஏழைக்கு என்ன செய்கிறது?" என்று கேலி பேசியவர்களுக்குப் பதிலாக, 20 வயது மாணவர் பிரெடரிக் ஓசானாம் தன் குளிர்கால விறகைத் தோழரோடு தூக்கிக்கொண்டு ஓர் ஏழை வீட்டுக்குப் போனார். வீடு சந்திப்பது எப்படி என்று அந்த மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அருட்சகோதரி ரோசலி. நம் சபை பிறந்ததே படியேறிப் போய்த்தான். இடையில் நாம் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டோம்.

படியேறுவது சொல்லுக்காக அல்ல. அந்த ஃபிளாட்டில் லிஃப்ட் பழுதாகும் நாட்களே அதிகம். ஆனால் மேலே போன பிறகுதான் பல விஷயங்கள் தெரிந்தன. பக்கவாதம் வந்த ஓர் அங்கிளுக்கு அரிசி தேவையே இல்லை. மலாய் மொழியில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லவும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட வரவும் ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது. இன்னொரு வீட்டில் சமூக நல இலாகாவின் விண்ணப்பப் பாரம் நிரப்பப்படாமல் மாதக்கணக்கில் டிராயரில் கிடந்தது. மூட்டை சுமக்க நமக்கு ஆள் கிடைக்கிறது. வார நாளில் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து உட்கார ஆள் கிடைப்பதில்லை.

நாம் போகும் வீடுகளில் பல இந்துக் குடும்பங்கள். பங்கு மக்களுக்கு முதலில் கொடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியர் ஊரும் பேரும் விசாரித்ததாக லூக்கா எழுதவில்லை என்றார் தலைவர். பேச்சு அதோடு முடிந்தது. பொட்டலத்தில் மாட்டிறைச்சி டின் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டோம். இத்தனை காலம் அதை யாரும் கவனிக்காதது வெட்கம்தான். தீபாவளிக்கு அந்த வீடுகளிலிருந்து நமக்கு வந்த முறுக்கு, கூட்டம் தொடங்கும் முன்பே தீர்ந்துவிட்டது.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவில் தண்ணீர் கொடுத்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கூட்ட முடிவில் சுற்றும் இரகசியக் காணிக்கைப் பை இன்றும் சுற்றும். யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை, தயங்க வேண்டாம். கார் ஓட்ட இருவரும், மலாய் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரும் உடனே தேவை.

அந்த அக்கா இன்றுவரை நம்மிடம் எதுவும் வாங்கவில்லை. பிப்ரவரிப் படம் இன்னும் யார் போனிலாவது இருந்தால், வெளியே போகும் முன் அழித்துவிடுங்கள்.

இவ்வறிக்கையை முன்மொழியவும் வழிமொழியவும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்