இந்த முறை நபாக் வரை போவோம்

கம்பாலாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். டிசம்பர் வசூல் தொடங்கப்போகிறது. அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

போன வருடம் நம் நகரத்துக் கட்வே பகுதியில் இருக்கும், உகாண்டாவின் வடகிழக்கில் உள்ள கரமோஜாவிலிருந்து வந்த பெண்களுக்குப் போர்வையும் பிஸ்கட்டும் கொடுத்தோம். நல்ல மனதோடுதான் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாக மாவு மில்கள் இருக்கும் கிசென்யி பக்கம் போனபோது, நம்மிடம் போர்வை வாங்கிய ஓர் அம்மாவைப் பார்த்தேன். மாவு மில் வாசலில் சிந்திக் கிடந்த மக்காச்சோளத்தைக் கூட்டி அள்ளி, கிழிந்த சாக்கின் மேல் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முதுகில் கைக்குழந்தை. பக்கத்தில் நாலு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை. அதுவும் அம்மாவைப் போலவே குனிந்து, சோளத்தை ஒரு பக்கமும் கல்லை ஒரு பக்கமும் ஒதுக்கிக்கொண்டிருந்தது.

மில் பையன் ஒருவனை வைத்துப் பேசினேன். போர்வையை விற்றுவிட்டாராம். பலர் சேர்ந்து படுக்கும் அறையில், தரையில் ஓர் இடத்துக்குத் தினம் ராத்திரி காசு கட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைகளோடு வெளியே படுக்க வேண்டியதுதான். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. எந்த ஊர் என்று கேட்டேன். கரமோஜாவில் இருக்கும் நபாக் என்றார். திரும்பிப் போவீர்களா என்றதற்கு, "மழைக்கு முன்னால் கையில் விதை இருந்தால் போவேன்" என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பதில் என்னை விடவில்லை.

இந்த நகரத்துத் தெருக்களில் கை நீட்டும் குழந்தைகளில் பெரும்பாலோர் நபாக் மாவட்டத்துப் பிள்ளைகள். நகர நிர்வாகம் அவர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றி, அங்குள்ள கோப்ளின் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புகிறது. பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். தெருப் பிள்ளைகளுக்குக் காசு கொடுப்பதே குற்றம் என்று விதியும் வந்தாயிற்று. ஆனால் ஊரில் அடுப்பு எரியாவிட்டால் எந்த விதியும் அவர்களை அங்கே நிறுத்தி வைக்காது.

அங்கே வீடு கட்டுவது பெண்கள். கூரை வேய்வது, வெள்ளைச்சோளம் விதைப்பது, தண்ணீரும் விறகும் சுமப்பது எல்லாம் அவர்கள்தான். ஆண்களுக்கு மாடு. 1979-இல் இடி அமீன் ஆட்சி விழுந்தபோது கரமோஜாவின் மொரோட்டோ நகரத்து ராணுவ முகாமின் துப்பாக்கிகள் ஊருக்குள் வந்தன. ஒருவர் மாட்டை ஒருவர் கவரும் பழைய சண்டை அதன் பிறகு வேறு மாதிரி ஆனது. மாடு போன வீட்டில் முழுப் பாரமும் அம்மா தலையில். விறகு வெட்டி விற்கிறார், கரி சுடுகிறார், சோளத்தில் மது காய்ச்சி விற்கிறார். பஞ்ச காலத்தில் அந்த மது வடித்த சக்கைதான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. ஒரு தாய் அதைத் தெரிந்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. 2022-இல் கரமோஜாவில் சுமார் 5 லட்சத்து 18 ஆயிரம் பேர் கடும் உணவுப் பற்றாக்குறையில் இருந்ததாகக் கணக்கெடுத்தார்கள். பத்தில் நாலு பேர்!

அதனால் நான் கேட்பது இதுதான். இந்த வருடப் பணம் கட்வேயில் முடிந்துவிட வேண்டாம். அங்கே ஏப்ரல் வாக்கில் மழை பிடிக்கும். டிசம்பரில் சேரும் காசு மார்ச்சுக்குள் நபாக்கில் ஒரு பெண்கள் குழுவிடம் விதையாகப் போய்ச் சேரட்டும். அறுவடையான தானியத்தை அடிமாட்டு விலைக்கு விற்காமல் வைத்திருக்க ஒரு பொதுக் குதிருக்கும் கொஞ்சம் ஒதுக்குவோம். மீதி இருந்தால் ஒரு பள்ளியின் மதியச் சாப்பாட்டுக்கு. சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்ன விதை, யாருக்கு எவ்வளவு என்பதை அந்தப் பெண்களே முடிவு செய்யட்டும். 1998-இல் அங்கே தொடங்கிய மாற்றுக் கல்வித் திட்டத்தில், மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக அதிகாலையிலும் மாலையிலும் அவர்கள் மொழியிலேயே வகுப்பு வைத்தார்கள். அப்படித்தான் அவர்களின் நாளைப் பார்த்து உதவ வேண்டும்.

பணம் போய்ச் சேருமா என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கரமோஜாவுக்கென்று வாங்கிய கூரைத் தகடுகள் வேறு கைகளுக்குப் போனதாக 2023-இல் அமைச்சர்கள் மேலேயே வழக்கு வந்தது. அதனால்தான் நேரில் போக வேண்டும் என்கிறேன். ஜனவரியில் நானும் இன்னும் இரண்டு பேரும் மொரோட்டோ பஸ்ஸில் போகிறோம், செலவு எங்களுடையது. நீங்களும் வாருங்கள். அப்புறம், ஒரு சின்ன வேண்டுகோள்: குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டையும் தானியக் குதிர் நிற்பதையும் படம் எடுத்து அனுப்புகிறோம்.

வசூல் கூட்டத்தில் இதை முதல் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா இன்னும் மில் வாசலில்தான் இருக்கிறார். மார்ச்சுக்கு அதிக நாள் இல்லை.

அன்புடன்,
உங்களில் ஒருவன்